ஜெயகரன் பேரில் எடுத்த ரத்தம்

கோலார் தங்கவயலில் ரத்தப் பரிசோதனை என்றால் பரீட்சை. ஊசி குத்தப்போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பே எங்கள் ஊர்க்காரர்கள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாகற்காய்ச் சாறு ஓடும். சோறு நின்றுபோகும். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போகிறவர் விடியற்காலையில் கையை வீசிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார். ரிசல்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிட்டால் அன்று மத்தியானமே பிரியாணி. பரீட்சைதான் முடிந்துவிட்டதே.

இவர்களைக் கேலி செய்வது சுலபம். நானே செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இந்தப் பயம் எங்கே பிறந்தது என்றும் எனக்குத் தெரியும். அண்டர்கிரவுண்டில் வேலை செய்த காலத்தில் டாக்டர் நெஞ்சைப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதினால் ஆள் மறுபடி கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போவான். 'அன்ஃபிட்' என்று எழுதினால் மேலேயே உட்கார வேண்டியதுதான். அவனோடு சம்பளமும் உட்கார்ந்துவிடும், வீட்டில் மரியாதையும் உட்கார்ந்துவிடும். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பயம் மட்டும் இன்றைக்கும் ஷிஃப்ட் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஐடாவுக்கு இந்த ஊரின் பயமெல்லாம் கை நரம்பு வழியாகப் பழக்கம். ராபர்ட்சன்பேட்டையில் திலீப் நடத்தும் லேபுக்காக வீடுவீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. எடுத்த ரத்தம் மத்தியான வேனில் பெங்களூரில் இருக்கும் பெரிய லேபுக்குப் போகும். மறுநாள் ரிசல்ட் வரும். ஊரில் பாதிப்பேர் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவதால், அவர்கள் கிளம்புவதற்குள் ஐடா போய் நிற்க வேண்டும். முதல் வண்டிக்காரர்கள் முடிந்ததும் அடுத்த வண்டிக்காரர்கள். அவர்களும் போன பிறகு வீட்டோடு இருக்கும் வயசானவர்கள். ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு மைசூர் மைன்ஸ் பழைய தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து அவள் கிளம்பும்போது நாய்கள்கூட எழுந்திருக்காது.

அன்றைக்கு ஊர்காம் பகுதியில் ரத்தினம்மா வீடு. ரத்தினம்மா சர்க்கரையோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள். கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஐடா ரப்பர் பட்டையைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு எங்கேயும் தென்படவில்லை.

"நேத்து நைட்டு இன்னாம்மா சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடல சிஸ்டர். பாவக்கா ஜூஸுதான். மூணு நாளா அதான் ஓடினு கீது."

"தண்ணி?"

"தண்ணியா? வெறும் வயித்துலதானே எடுக்கணும்னீங்க? எச்சிகூட முழுங்கல."

பெருமையாகத்தான் சொன்னாள். ஐடா பட்டையை அவிழ்த்துவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலில் தானும் உட்கார்ந்துகொண்டாள். உட்கார இடம் கிடைத்தால் விடுவதில்லை என்று கொஞ்ச காலமாகவே ஒரு பழக்கம் வந்திருந்தது.

"எத்தினி வாட்டி சொல்லினு கீறேன்? வெறும் வயிறுன்னா சோறு கூடாது, டீ காப்பி கூடாது. தண்ணி தாராளமா குடிக்கலாம்மா. குடிக்கலன்னா நரம்பு உள்ள போய் ஒளிஞ்சிக்கும். அப்பால நான் நாலு இடத்துல குத்துவேன். ஐடா கை சரியில்லன்னு தெருவெல்லாம் சொல்லுவீங்க. போங்க, ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வாங்க."

ரத்தினம்மா குடித்துவிட்டு வந்தாள். தண்ணீர் வேலை செய்யும்வரை ஐடா தன் மற்ற பாடத்தையும் ஒப்பித்தாள். மூணு நாள் பட்டினி கிடந்து சுகரைக் குறைச்சிக் காட்டினா டாக்டர் மாத்திரையைக் குறைச்சிடுவாரு. நாலாம் நாள் நீங்க பழையபடி துன்னுவீங்க. அப்போ யாருக்குக் கஷ்டம்? ஊதா மூடி போட்ட டியூபில் மூணு மாசக் கணக்கு பாக்குற டெஸ்ட் ஒண்ணு இருக்குது. மூணு நாள் நடிப்பு அதுகிட்ட எடுபடாது. காலையில போடுற மாத்திரையைப் போடலாமா வேணாமான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். ஊசி எடுத்த அப்புறம் பஞ்சைத் தேய்க்கக் கூடாது, அழுத்திப் புடிக்கணும். தேய்ச்சா நீலம் கட்டிக்கும்.

இந்தப் பாடத்தை அவள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று கணக்கு இல்லை. சொல்லும்போதே பாதியில் மூச்சு வாங்கியது. ரத்தினம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"நீ ஏன் சிஸ்டர் இப்டி வெளுத்துப்போய்க் கீறே? சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி."

"தூக்கம் இல்லம்மா. வேற இன்னா."

இந்த ஊரில் 'அசதியாக இருக்கிறது' என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருட்டில் எழுந்து ரயிலில் நின்றுகொண்டே போய், இருட்டில் நின்றுகொண்டே திரும்பும் ஊர் இது. எல்லாருக்கும் அசதிதான். ஐடாவுக்குப் படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. தலைமுடி கொத்தாக வந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளாவிட்டால் மனசு நிற்காது; இப்போதெல்லாம் கைப்பையிலேயே ஒரு பொட்டலம் அரிசி இருந்தது. வயசு நாற்பத்தெட்டு, இந்த வயசில் அப்படித்தான் என்று சர்ச்சில் பெண்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஊசி குத்துகிறவள், மகள் ஸ்வீட்டி பிறந்த பிறகு தன் கையில் குத்திப் பார்த்ததே இல்லை.

இது இப்படி இருக்க, வீட்டில் ஜெயகரன் வேறு.

ஜெயகரன் அவள் கணவன். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பெரிய கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நல்லவன், கடன் வாங்காதவன், குடிக்காதவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவன். ஆனால் அவன் காலில் ஒரு புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தது. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து போவான். தண்ணீர்ச் சொம்பு தலைமாட்டில் வற்றிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் என்னவென்று ஐடாவுக்குத் தெரியாதா? 'கையைக் குடுங்க, பாத்துடலாம்' என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவனுக்குத் தெருவில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அந்த வருஷம் கோடவுனுக்குப் புதுக் கான்ட்ராக்டர் வந்தான். வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மெடிக்கல் கொடுத்தால்தான் வேலை தொடரும் என்றான். ரத்தம் எங்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. தங்கவயல்காரர்களுக்குத் திலீப்பின் லேப் என்று போட்டிருந்தது. ரிப்போர்ட் நேராகக் கான்ட்ராக்டர் ஆபீசுக்கே போய்விடும்.

அதைப் படித்த ராத்திரி ஜெயகரன் சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க கோடவுன் சிவகுமாரை வேலைய விட்டு எடுத்துட்டானுங்க, தெரியும்ல? சுகர்னு."

"அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. அதுக்கு எடுத்தாங்க. மாத்திரை போட்டு அளவா வெச்சிக்கினா யாரும் எடுக்க மாட்டாங்க."

"எங்கப்பாவுக்கும் இப்டித்தான் சொன்னாங்க. சும்மா செக்கப்புன்னாங்க."

அவன் அப்பாவை 'அன்ஃபிட்' என்று மேலே அனுப்பியபோது ஜெயகரன் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த மனிதர் வீட்டில் யார் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து நின்று, அப்புறம் உட்கார்ந்துவிடுவாராம். ஜெயகரன் இதை ஐடாவிடம் கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறான். இப்போது அந்தப் பேச்சை வளர்க்காமல் வேறு வழியில் வந்தான்.

"ஐடா, எல்லாம் உன் கைலதானே கீது."

"இன்னா கீது என் கைல?"

"டியூபு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"உனக்குத்தான் சுகரு கிகரு ஒண்ணும் இல்லையே. உன்னோடதை எடுத்து என் பேரு ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது? எல்லார்துமே சிகப்பாத்தானே கீது."

"தெரிஞ்சா என் வேலை போய்டும். அதைவிட, தப்புங்க அது. தப்பு."

அன்று விட்டான். மறுநாள் மறுபடி ஆரம்பித்தான். கெஞ்சினான், கோபித்தான், சாப்பிடாமல் படுத்தான், 'எங்கப்பா மாதிரி நானும் மூலையில உக்காரணுமா' என்று கேட்டான். ஐடாவுக்குச் சண்டை போடத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான புதிதில் மாமியாரையே வாயடைத்தவள். ஆனால் சண்டைக்கும் தெம்பு வேண்டுமே. பாத்திரம் துலக்கும் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் எவ்வளவு நேரம்தான் 'முடியாது' என்று சொல்லிக்கொண்டிருப்பாள்? சரி என்று சொன்னால் போய்ப் படுக்கலாம். அவள் சரி என்று சொன்னதற்குக் காரணம் புருஷன் மேல் இருந்த பாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்குப் படுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குறித்த நாள் விடியற்காலையில் சமையலறை பல்பின் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள். ஐடா இடது கையில் பட்டையைச் சுற்றினாள். ஒரு முனையை ஜெயகரன் இழுத்துப் பிடிக்க வேண்டும். அவள் சொல்லும்போது விட வேண்டும். அவனுக்குக் கை நடுங்கியது. முகத்தைத் திருப்பி, காலண்டரில் இருந்த இயேசுவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவும் ஒரு துணிச்சல் வேண்டும்.

"குத்துறது எனக்கு. நடுங்குறது நீங்க. விடுங்க இப்போ."

ஊசிக்குள் ரத்தம் மெதுவாக ஏறியது. எத்தனையோ ஆயிரம் பேருடைய ரத்தத்தைப் பார்த்த கண் அவளுடையது. என்னவோ தண்ணீர் கலந்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. மஞ்சள் பல்பு வெளிச்சம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். மஞ்சள் மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்று மூன்று டியூபிலும் நிரப்பி, மெல்லத் தலைகீழாகச் சாய்த்துக் கலக்கி, ஜெயகரன், வயது ஐம்பத்திரண்டு, ஆண் என்று ஒட்டினாள். அவன் பஞ்சை எடுத்து அவள் கையில் வைத்துத் தேய்த்தான். இருபத்தைந்து வருஷம் இந்தத் தொழில்காரியோடு குடித்தனம் செய்தவன், தேய்த்தான்.

"தேய்க்காதீங்க" என்றாள் ஐடா. அதற்கு மேல் பேசத் தெம்பில்லை.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியபோது போன் அடித்தது. பெங்களூர் லேபிலிருந்து ஒரு டாக்டர் பெண். கன்னடத்தில் வேகமாகப் பேசினாள். ஜெயகரன் என்கிறவருக்கு ரத்தம் எடுத்தது நீங்கள்தானா? சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டுதான். சந்தேகப்பட்டு மறுபடியும் மெஷினில் போட்டுப் பார்த்தோம், அதேதான் வருகிறது. ஒரு ஆணுக்குப் பதிமூன்றாவது இருக்க வேண்டும். உள்ளே எங்கேயோ ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

ஐடா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கேட்கிறதா? அவரை வண்டி ஓட்டவிடாதீர்கள். மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். இதயத்துக்கு ஆபத்து. அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

ஐடா மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"படியிலதான் மேடம்" என்றாள் கன்னடத்தில். "சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அழுகை, அதுவும் ஒருவிதமான நிம்மதியோடு. அப்படியானால் இது வயசு இல்லை. சோம்பேறித்தனம் இல்லை. 'ஐடா முன்ன மாதிரி இல்ல, எங்க போனாலும் உக்காந்துடறா' என்று சர்ச்சில் பேசியது பொய். தன் உடம்பு இத்தனை நாளாக நியாயமாகத்தான் புகார் செய்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை, தன்னையும் சேர்த்து. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேலே ஒரு மனிதர் வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருந்தார். படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, அவருக்கு ரத்தம் எடுத்துவிட்டுத்தான் கீழே வந்தாள். பழக்கதோஷம் அப்படி.

சாயங்காலம் ஜெயகரன் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டான். ஐடா சொல்வதற்கு வாயைத் திறக்குமுன் கட்டிலில் சாய்ந்து நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"ஐடா, எனக்கு ரத்தமே இல்லையாம்."

அவள் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"கான்ட்ராக்டர் ஆபீசுல கூப்ட்டுக் காட்டினான். சுகரு பாஸு. எல்லாம் பாஸு. ரத்தம் மட்டும் ஃபெயிலு. வண்டிய தொடாத, வூட்டுக்குப் போன்னு அனுப்பிட்டான். அதைக் கேட்டதுலேர்ந்து மூச்சு வாங்குதுமே. ரயில்ல நிக்க முடியல. நம்ம லைன்ல கீற டென்சில்தான் எழுந்து சீட்டு குடுத்தான். தலை வேற சுத்துது."

"டீ போடட்டுமா?"

"டீ வேணாம். டீ குடிச்சா இரும்புச்சத்து ஏறாதாம், டென்சில் சொன்னான். ஈரல் சாப்பிடணுமாம். பேரீச்சம்பழம் வாங்கினு வந்தேன் பாரு. எனக்கு ஏன் இப்டி ஆச்சு? எங்கயாவது உள்ள ஓட்டை கீட்டை விழுந்துடுச்சா?"

சிரிப்பதா, சொம்பை எடுத்து அடிப்பதா என்று ஐடாவுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பில்லாததால் கேட்டாள்.

"இன்னாங்க, அது யாரு ரத்தம்?"

ஜெயகரன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நெஞ்சின் மேலிருந்த கை மெல்ல இறங்கியது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளை முழுசாகப் பார்த்தான். உதட்டைப் பார்த்தான். சுவரைப் பிடித்திருந்த விரல்களில் நகங்கள் காகிதம் போல வெளுத்திருந்தன. எழுந்து வந்து அடுப்பை அணைத்தான். அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தான் படுத்திருந்த இடத்தில் உட்காரவைத்தான். பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"எனக்கு ரத்தம் இல்லன்னு சொன்னதும் டென்சில் சீட்டு குடுத்தான்" என்றான். "உனக்கு யாரு குடுத்தா?"

அவள் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தலையணையைச் சுவரில் வைத்துச் சாய்ந்துகொண்டு திலீப்புக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்: ஜெயகரன் பேரில் அனுப்பியது என்னுடைய ரத்தம். திலீப் அவளைவிடச் சின்னவன், கோபக்காரன். அன்றைக்குக் கத்தவில்லை.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கா. அந்த ரிப்போர்ட்ட கேன்சல் பண்ணச் சொல்றேன். அவருக்கு வேற ஆள்தான் எடுக்கணும்." அப்புறம், "பெட்டிய மட்டும் அண்ணன்கிட்ட குடுத்தனுப்புங்க" என்றான்.

ஐஸ் பெட்டி கதவோரம் இருந்தது. அது போனால் வேலையும் போனதுதான். ஐடாவுக்கு நோய் என்று கேட்டபோது வராத வலி அப்போது வந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதும் தெரிந்ததால் இன்னும் அதிகமாக வலித்தது. ஜெயகரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் கோலாரில் பெரிய ஆஸ்பத்திரி. லேபிலிருந்து வந்த காகிதத்தில் ஜெயகரன் பேர் இருந்ததால் அது உதவவில்லை. மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள். எலைன் என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண், பட்டையைக் கட்டித் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"நரம்பே கிடைக்கலியே ஆன்ட்டி. தண்ணி குடிச்சீங்களா?"

ஐடாவுக்கு வெட்கமாகிவிட்டது. குடிக்கவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்க நினைப்பு வரவில்லை.

இந்தமுறை ஐந்து புள்ளி ஆறு. டாக்டர் உதிரப்போக்கைப் பற்றி விசாரித்தார், எத்தனை வருஷமாக என்று கேட்டு எழுதிக்கொண்டார். கர்ப்பப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். ஒரு பாட்டில் உடனே வந்து தொங்கியது. யாருடையதோ தெரியாத அந்த ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை ஐடா பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கியதற்குப் பதிலாக வீட்டு ஆள் யாராவது கொடுத்தால் நல்லது என்று எலைன் சொன்னதும் ஜெயகரன் அப்போதே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

கொடுக்கும் இடம் பக்கத்து அறை. நடுவில் ஒரு பச்சைத் திரைதான். பேச்செல்லாம் ஐடாவுக்குக் கேட்டது. எடை பார்த்தார்கள். காய்ச்சல் இருந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று எலைன் வரிசையாகக் கேட்டாள். இல்லை, இல்லை என்று குரல் வந்தது.

"சுகர், பிபி இருக்குதாண்ணா?"

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

ஐடாவுக்குத் தெரியும், இந்தக் கேள்விக்கு அவன் இதுவரை எத்தனை பேரிடம் 'ஒண்ணுமில்ல' என்று சொல்லியிருக்கிறான் என்று. கான்ட்ராக்டரிடம், இன்சூரன்ஸ்காரனிடம், அவளிடம். இப்போதும் சொல்லிவிட்டால் பொண்டாட்டிக்கு ரத்தம் கொடுத்த புருஷனாகத் தலைநிமிர்ந்து வெளியே வரலாம். அவள் திரையையே பார்த்தாள். சொல்லிவிடாதே என்று நினைத்தாளா, சொல்லிவிடு என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

"இருக்குதுன்னு நெனைக்கிறேன்மா" என்றது ஜெயகரனின் குரல், கொயரில் பாடுகிற குரல்போல இல்லாமல், அடைத்துப்போய். "பயந்துனு பாத்துக்கவே இல்ல. என் பேருல அவ ரத்தத்தக் குடுக்கச் சொன்னேன். அதுலதான் அவளுக்கு ரத்தம் இல்லாததே தெரிஞ்சிது. நீ பாத்துட்டு எடும்மா. கெட்ட ரத்தம் யாருக்கும் போவக் கூடாது."

விரல் நுனியில் ஒரு குத்து. சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருக்கிறது, இப்போது எடுக்க முடியாது அண்ணா என்று எலைன் மெதுவாகச் சொன்னாள்.

ஜெயகரன் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். கட்டில் ஓரத்தில் நின்றான். அவன் அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது எப்படி நின்றிருப்பார் என்று ஐடா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அன்ஃபிட்டுன்ட்டாங்க, ஐடா."

"உக்காருங்க" என்றாள்.

"டென்சில் லீவு போட்டுனு வரான். அவன் குடுப்பான். கான்ட்ராக்டர் இன்னா சொல்லுவானோ தெரியல. சொல்றத சொல்லட்டும்."

எலைன் ஒரு தட்டில் மூன்று டியூபுகளோடு அவன் பின்னாலேயே வந்தாள். டாக்டர் உங்களுக்கும் முழுசாகப் பார்க்கச் சொல்கிறார் என்றாள். பேர் கேட்டாள். ஜெயகரன் தன் பேரைச் சொல்லிவிட்டு ஐடாவைப் பார்த்தான். அவள் கண் சொருகிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"குடிச்சேன்."

அவன் கையை நீட்டினான். முகத்தைத் திருப்பவில்லை. மஞ்சள், ஊதா, சாம்பல் என்று மூன்றும் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலைன் பஞ்சை வைத்ததும் மற்ற கை தானாக மேலே வந்தது.

"தேய்க்காதீங்க" என்றாள் ஐடா, கண்ணை மூடியபடி.

"தேய்க்கல. அழுத்தித்தான் புடிச்சினு கீறேன். நீ தூங்கு."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மேலே பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. ஐடா தூங்கிப்போனாள், பட்டப்பகலில், யாரும் எழுப்பாமல்.